இரண்டு பாட்டில் புதினாத் தண்ணீர்

பள்ளிப் பதிவேட்டில் அவளுக்கு நல்ல நீளமான பெயர் ஒன்று இருந்தது. வீட்டில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எதைப் பார்த்தாலும் ஏன், எப்படி, எப்போதிலிருந்து என்று துருவித் துருவிக் கேட்பாள். அதனால் அவள் பெயர் துருவி. வயது பத்து.

துருவியின் அப்பா பேருந்து ஓட்டுநர். அம்மா தெருமுனையில் காய்கறிக் கடை வைத்திருந்தார். ஏழு வயதில் ஒரு தம்பி. ஆள் ஒல்லி, பேச்சு சுருக்கென்று குத்தும். அவனுக்குக் குண்டூசி என்று பெயர் வைத்ததும் துருவிதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அப்பா இடுப்பைப் பிடித்துக்கொண்டு தரையில் சுருண்டு படுத்துவிட்டார். அப்பா வலி என்று சொல்லி அவர்கள் யாரும் கேட்டதே இல்லை. அன்று அவர் முகம் வெளுத்துப் போய், நெற்றியெல்லாம் வியர்த்துக் கொட்டியது.

மருத்துவர் அம்மா படம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"சிறுநீரகத்துல கல் இருக்கு. சின்னதுதான். ஒரு நாளைக்கு மூணு லிட்டர் தண்ணி குடிச்சீங்கன்னா தானா வெளிய வந்துடும். குடிக்கலைன்னா பெருசாகும். அப்புறம் அறுவை சிகிச்சைதான். ரெண்டு மாசம் வண்டி ஓட்ட முடியாது."

அப்பா சமத்துப் பிள்ளையாகத் தலையை ஆட்டினார். ஆனால் ஒரு வாரம் ஆகியும், வேலைக்குக் கொண்டுபோன பாட்டிலில் பாதித் தண்ணீர் கூடக் குறையவில்லை.

"ஏன்பா தண்ணி குடிக்க மாட்டேங்கறீங்க?" என்று கேட்டாள் துருவி.

அப்பா குனிந்து காலணியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "வெறும் தண்ணி தொண்டையில இறங்க மாட்டேங்குது கண்ணு. ருசியே இல்ல."

அட, இவ்வளவுதானா என்று நினைத்தாள் துருவி. ருசி இல்லாவிட்டால் ருசி சேர்த்துவிட்டால் போயிற்று. அம்மாவின் கடையில் இல்லாத காய் உண்டா, பழம் உண்டா?

அன்று மாலையே வேலையை ஆரம்பித்தாள். கடையில் விலை போகாமல் வளைந்து கிடந்த வெள்ளரிக்காய் ஒன்று, எலுமிச்சை இரண்டு, ஒரு கைப்பிடி புதினா. எல்லாவற்றையும் கழுவினாள். எலுமிச்சையைத் தோலோடு வட்டம் வட்டமாக வெட்டினாள். புதினாவை நன்றாகக் கசக்கினாள். எல்லாவற்றையும் ஒரு ஜாடித் தண்ணீரில் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டுத் தூங்கப் போனாள்.

மறுநாள் அப்பாவுக்கு விடுமுறை. ஒரு டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள். அப்பா ஒரு வாய் குடித்தார். அவர் புருவம் இரண்டும் மேலே போனது. அப்புறம் கண் இரண்டும் மூடியது. முழுங்குவதா துப்புவதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"நல்லா இருக்கா?"

"ம்." அப்பா ஒரு வழியாக முழுங்கினார். "உடம்புக்கு நல்லதுன்னு தெரியுது."

குண்டூசி டம்ளரை வாங்கி நக்கிப் பார்த்தான். "அக்கா, இதைக் குடிக்கறதுக்குப் பதிலா கல்லே இருக்கட்டும்."

தண்ணீர் எட்டிக்காயாகக் கசந்தது. போதாக்குறைக்குப் பச்சைப்பசேல் என்று தூள் தூளாகப் புதினா வேறு மிதந்தது. துருவிக்கு முகம் தொங்கிப் போனாலும் உள்ளே ஒரு கேள்வி குடைய ஆரம்பித்தது. எலுமிச்சை புளிக்கும், வெள்ளரி சப்பென்று இருக்கும், புதினா மணக்கும். இதில் கசப்பு எங்கிருந்து வந்தது?

பள்ளிவிட்டு வந்ததும் சமையலறை மேடையில் ஐந்து டம்ளர்களை வரிசையாக வைத்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு ஒட்டினாள். முதல் டம்ளரில் தோலோடு எலுமிச்சை. இரண்டாவதில் தோல் சீவிய எலுமிச்சை. மூன்றாவதிலும் தோலோடு எலுமிச்சைதான், ஆனால் அரை மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும். நான்காவதில் கசக்கிய புதினா. ஐந்தாவதில் கசக்காத புதினா.

"எனக்கு டீ குடிக்க டம்ளர் விட்டு வச்சிருக்கியா, இல்லையா?" என்றார் அம்மா.

"நாளைக்குத் தரேன்மா. நீ இன்னிக்குக் கிண்ணத்துல குடி."

அம்மா கிண்ணத்தில் குடித்தார். என்ன செய்வது, பெற்றாயிற்றே.

மறுநாள் குண்டூசியின் கண்ணைத் துணியால் கட்டி ஒவ்வொன்றாகக் கொடுத்தாள். அவனுக்குப் பொய் சொல்லி முகதாட்சண்யம் பார்க்கத் தெரியாது. இந்த வேலைக்கு அவனைவிடச் சரியான ஆள் கிடையாது.

"உவ்வே. கசப்பு." அது முதல் டம்ளர்.

"இது பரவாயில்ல. லேசாப் புளிக்குது." அது தோல் சீவியது.

"இது வாசனையா இருக்கு." அது அரை மணியில் எடுத்தது.

"இது புல்லு. என்னை மாடுன்னு நினைச்சியா?" அது கசக்கிய புதினா.

"இது வெறும் தண்ணி. ஏமாத்தாத." அது கசக்காத புதினா.

துருவி நோட்டில் எழுதிக்கொண்டாள். கசப்புக்குக் காரணம் எலுமிச்சையின் தோல். ராத்திரி முழுக்க ஊறி அதன் கசப்பெல்லாம் தண்ணீரில் இறங்கியிருக்கிறது. அது சரி. ஆனால் புதினா? கசக்கினால் புல், கசக்காவிட்டால் வெறும் தண்ணீர். அப்படியானால் என்னதான் செய்வது?

அதற்கும் விடை கடையிலேயே கிடைத்தது. அம்மா புதினாக் கட்டைத் தண்ணீரில் முக்கி எடுத்து, ஈரம் போக உள்ளங்கையில் பட்டென்று ஒரு தட்டுத் தட்டினார். மணம் பக்கத்துக் கடை வரைக்கும் போனது. துருவி ஓடிப் போய் அந்த இலைகளைப் பார்த்தாள். ஒன்றுகூடக் கிழியவில்லை.

"அம்மா, இன்னொரு தடவை தட்டு."

"எதுக்குடி?"

"தட்டேன்."

அவ்வளவுதான். புதினாவைக் கசக்கக் கூடாது. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து ஒரு கைதட்டல் போதும்.

இன்னும் ஒன்றையும் அவள் விடவில்லை. ஒரு பாட்டிலை மதியம் வரை ஜன்னல் வெயிலில் வைத்துப் பார்த்தாள். வெள்ளரித் துண்டு கொழகொழவென்று ஆகிவிட்டது. பேருந்துக்குள் இதைவிடச் சூடாக இருக்கும். ஆகவே ராத்திரி ஊற வைத்ததைக் காலையில் வடிகட்ட வேண்டும். ஒரே ஒரு புதினாத் தண்டை மட்டும் அழகுக்காகப் பாட்டிலில் போட்டு அனுப்பலாம்.

வெள்ளரி ஆறு வட்டம், தோல் சீவிய எலுமிச்சை இரண்டு வட்டம், ஆரஞ்சுச் சுளை நான்கு, கைதட்டிய புதினா. குண்டூசி கண்ணைத் திறந்துகொண்டே இரண்டு டம்ளர் குடித்தான். "இதை விக்கலாம்" என்றான்.

அன்றிலிருந்து தினமும் இரண்டு பாட்டில் அப்பாவோடு வேலைக்குப் போயின. அப்பா விடியும் முன்பே கிளம்பிவிடுவார். அம்மாதான் வடிகட்டிக் கொடுத்து அனுப்புவார். மதியம் பாட்டில்கள் இரண்டும் காலியாகத் திரும்பி வரும்.

"எப்படிப்பா இருந்துச்சு?" என்று பள்ளிவிட்டு வந்ததும் துருவி கேட்பாள்.

"பாட்டிலைப் பாரு" என்று அப்பா சிரிப்பார்.

அவள் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்ப்பாள். ஒரு சொட்டு விழாது. அவளுக்கு உச்சி குளிர்ந்து போகும்.

மூன்று வாரம் கழித்து அப்பாவுக்கு மறுபடியும் வலி வந்தது.

மருத்துவர் அம்மா பரிசோதனைக் காகிதத்தை மேலும் கீழும் பார்த்தார். "தண்ணி குடிக்கறீங்களா?"

"வீட்டுல தினமும் ரெண்டு பாட்டில் குடுத்து விடறாங்க டாக்டர்" என்றார் அப்பா.

"காலியாத்தான் வருது டாக்டர். நான் கவிழ்த்துப் பார்ப்பேன்" என்றாள் துருவி.

"இந்தக் காகிதம் அப்படிச் சொல்லலையே." மருத்துவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "கல் வளர்ந்திருக்கு. இன்னும் ஒரு மாசம் பார்ப்போம். அப்பவும் இப்படியே இருந்தா, அறுத்துத்தான் எடுக்கணும்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் துருவி பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தாலே ஏதோ ஓடுகிறது என்று அர்த்தம். பாட்டில் காலி. ஆனால் அப்பாவின் உடம்பில் தண்ணீர் இல்லை. அப்படியானால் நடுவில் அந்தத் தண்ணீர் எங்கே போகிறது?

ராத்திரி படுக்கையில் புரண்டுகொண்டிருந்தபோதுதான் அவளுக்குச் சுரீரென்று உறைத்தது. மருத்துவர் கேட்ட கேள்விக்கு, குடிக்கிறேன் என்று அப்பா சொல்லவே இல்லை. கொடுத்து விடுகிறார்கள் என்றுதான் சொன்னார். வீட்டிலும் அப்படித்தான். பாட்டிலைப் பாரு என்பார். குடிச்சேன் என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

அந்த வாரம் பள்ளிக்கு ஒரு நாள் விடுமுறை வந்தது. "உங்க வண்டியில வரேன்பா" என்று அடம்பிடித்துக் கிளம்பிவிட்டாள்.

ஓட்டுநருக்குப் பின்னால் இருந்த முதல் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, பாட்டிலையே கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். பேருந்தில் அனல் பறந்தது. அப்பாவின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பாட்டில் இரண்டும் இருக்கைக்குப் பக்கத்தில் ஆடிக்கொண்டே வந்தன. அப்பா அவற்றைத் தொடவே இல்லை.

ஒன்றே முக்கால் மணி நேரம் கழித்துக் கடைசி நிறுத்தம் வந்தது. பயணிகள் எல்லாரும் இறங்கினார்கள்.

"இங்கேயே இரு கண்ணு. கை கழுவிட்டு வரேன்." அப்பா ஒரு பாட்டிலை மட்டும் எடுத்துக்கொண்டு பேருந்தின் பின்பக்கம் போனார்.

துருவியா இருப்பாள்? பின்வாசல் வழியாக இறங்கினாள்.

அது ஒரு பெரிய வெற்று மைதானம். வண்டிகள் வந்துபோகும் நேரத்தைக் குறிக்கும் நேரக்காப்பாளருக்கு ஒரு சின்ன அறை, சுற்றிலும் ஒரு சுவர், தரையெல்லாம் காய்ந்த மண், எண்ணெய்க் கறை. புல் பூண்டு எதுவும் இல்லை. ஆனால் சுவரோரம் ஒரே ஒரு இடத்தில், பாய் விரித்தாற்போல் பச்சையாக ஏதோ வளர்ந்திருந்தது.

துருவி குனிந்து ஒரு இலையைக் கிள்ளி முகர்ந்தாள். புதினா. பாட்டிலில் அவள் அழகுக்குப் போட்டு அனுப்பிய தண்டுகள் அத்தனையும் அங்கே வேர் பிடித்துத் தளதளவென்று நின்றன.

அதன் தலைக்கு மேல் கொட கொடவென்று தண்ணீர் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தாள். அவளைக் கவனிக்காமல் பாட்டிலைக் கவிழ்த்துப் பிடித்தபடி அப்பா நின்றுகொண்டிருந்தார்.

தண்ணீர் கடைசிச் சொட்டு வரை கொட்டி முடிந்தது.

"அப்பா, இந்தச் செடிக்குச் சிறுநீரகத்துல கல் இருக்கா?"

அப்பா காலிப் பாட்டிலை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். துருவி எத்தனை எலுமிச்சைக்குத் தோல் சீவியிருப்பாள். எத்தனை நாள் பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருப்பாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டிவிட்டது.

அப்பா பதறிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். "தப்புதான் கண்ணு. ஆசையா செஞ்சு குடுக்கற. அப்படியே திருப்பிக் கொண்டுவந்தா மனசு கஷ்டப்படுவியேன்னு ஊத்திட்டேன்."

"நல்லா இல்லையா?"

"எனக்கு எப்படித் தெரியும்? அன்னிக்கு அந்தக் கசப்பு ஒரு வாய் குடிச்சதோட சரி."

"அப்ப ஏன்பா? நிஜத்தைச் சொல்லுங்க. ருசி இல்லைன்னு சொல்லாதீங்க."

அப்பா சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "தண்ணி குடிச்சா ஒண்ணுக்குப் போகணும்ல? விடியக்காலையில டிப்போவுல வண்டி ஏறினா, மத்தியானம் திரும்பப் போற வரைக்கும் வழியில எங்கயும் இடம் கிடையாது. அறுபது பேரை உக்கார வச்சுட்டு நடுரோட்டுல வண்டிய நிறுத்த முடியுமா? அதனால குடிக்கறதையே விட்டுட்டேன். என்னை மட்டும் கேக்காத. இந்தத் தடத்துல ஓட்டற எல்லாரும் அப்படித்தான்."

துருவிக்கு அழுகை நின்றுவிட்டது. இத்தனை நாளும் அவள் தவறான கேள்விக்கு விடை தேடிக்கொண்டு இருந்திருக்கிறாள். சிக்கல் தண்ணீர் உள்ளே போவதில் இல்லை, வெளியே வருவதில் இருக்கிறது.

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினாள். "அப்ப அது என்ன?"

நேரக்காப்பாளர் அறைக்குப் பின்னால் ஒரு சின்னக் கட்டடம் இருந்தது. கதவில் ஒரு மரப்பலகை தொங்கியது. பழுது, உபயோகிக்க வேண்டாம் என்று சிவப்பு எழுத்தில் எழுதியிருந்தது.

"அது கழிப்பறைதான். பழுது."

"எப்போலேர்ந்து?"

"நான் இந்தத் தடத்துக்கு வந்து ஒன்றரை வருஷம் ஆச்சு. அதுக்கு முன்னாடிலேர்ந்தே."

"யாராவது திறந்து பார்த்தீங்களா?"

"பழுதுன்னு போட்டிருக்கு. அப்புறம் எதுக்குத் திறக்கணும்?"

துருவி அந்தக் கதவருகே போனாள். வாசற்படி ஈரமாக இருந்தது. பக்கத்தில் ஒரு துடைப்பம் சாய்த்து வைத்திருந்தது. கொடியில் தொங்கிய தரை துடைக்கும் துணியிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டியது. பழுதான கழிப்பறையை யாராவது தினமும் கழுவுவார்களா?

அவள் கைப்பிடியைத் திருகினாள். கதவு சத்தமே இல்லாமல் திறந்தது. உள்ளே தரை பளிச்சென்று மின்னியது. சோப்புக்கட்டி புத்தம் புதிதாக இருந்தது. குழாயைத் திருப்பினாள். தண்ணீர் சோவென்று கொட்டியது.

"யாரும்மா அங்க? அது பழுது" என்று குரல் கொடுத்துக்கொண்டே நேரக்காப்பாளர் வெளியே வந்தார்.

"தண்ணி வருது சார்" என்றாள் துருவி.

நேரக்காப்பாளர் எட்டிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் எட்டிப் பார்த்தார். "குழாய் உடைஞ்சு போச்சுன்னு நான்தானே பழுது பார்க்கற பிரிவுக்கு எழுதினேன்."

வாளியோடு வந்த துப்புரவு அக்கா நின்றார். "அவங்க வந்து ரெண்டே நாள்ல சரி பண்ணிட்டுப் போயிட்டாங்களே சார். உங்களுக்குத் தெரியாதா?"

"பலகை தொங்குதே, எப்படித் தெரியும்?"

"அது அவங்க மாட்டினது. மாட்டினவங்க வந்து எடுப்பாங்கன்னு விட்டுட்டேன்."

"நீங்க இங்க போறதில்லையா சார்?" என்று கேட்டாள் துருவி.

"எனக்கு வீடு பின் தெருவுலதான்மா." நேரக்காப்பாளர் கொஞ்சம் நெளிந்தார்.

துருவி அக்காவிடம் திரும்பினாள். "தினமும் கழுவறீங்களே அக்கா. ஒருத்தர்கூட வரலைன்னு தெரியலையா?"

"நான் என்னத்தைக் கண்டேன்? காலையில வந்து பார்த்தா, முந்தின நாள் கழுவின மாதிரியே இருக்கும். இந்த ஓட்டுநருங்க எவ்வளவு சுத்தமானவங்கன்னு ஊரெல்லாம் பெருமையாச் சொல்லிட்டிருக்கேன்."

அப்பா வாய்விட்டுச் சிரித்துவிட்டார். ஆனால் பலகை இன்னும் கதவில்தான் தொங்கியது. அக்கா நேரக்காப்பாளரைப் பார்த்தார். நேரக்காப்பாளர் பலகையைப் பார்த்தார்.

"நான் எடுக்கக் கூடாது. அது அந்தப் பிரிவோட பொருள். எழுதிக் கேக்கணும்."

"நான் துப்புரவுப் பிரிவு. எனக்கு எதுக்கு வம்பு?" என்றார் அக்கா.

"நான் ஓட்டுநர் பிரிவு" என்றார் அப்பா.

துருவி குதிகாலைத் தூக்கி எம்பினாள். "நான் எந்தப் பிரிவும் இல்லையே சார்" என்று சொல்லிக்கொண்டே ஆணியிலிருந்து பலகையைக் கழற்றிவிட்டாள்.

அவளைத் தடுப்பதற்கு எந்த விதியும் இருந்ததாகத் தெரியவில்லை.

துருவி பேருந்துக்கு ஓடிப் போய் இரண்டாவது பாட்டிலை எடுத்து வந்து நீட்டினாள். அப்பா மூடியைத் திறந்து ஒரு வாய் குடித்தார். நின்றார். இன்னொரு வாய் குடித்தார். அப்புறம் தலையை அண்ணாந்து கடகடவென்று பாதிப் பாட்டிலைக் காலி செய்தார்.

"அடடா, இவ்வளவு நல்லாவா இருந்துச்சு?" என்றார். "மூணு வாரமா இந்தச் செடிதான் அனுபவிச்சிருக்கு."

ஒரு மாதம் கழித்து மருத்துவர் அம்மா புதுக் காகிதத்தைப் பார்த்தார். இந்தத் தடவை கண்ணாடியைக் கழற்றவில்லை. "கல் போயிடுச்சு. அப்படி என்னதான் குடிச்சீங்க?"

துருவி சொல்ல ஆரம்பித்தாள். ஐந்து டம்ளரில் தொடங்கி அவள் முடிப்பதற்குள் வெளியே ஏழு நோயாளிகள் சேர்ந்துவிட்டார்கள்.

அந்தப் பலகை இப்போது கடைசி நிறுத்தத்தின் சுவரோரம், புதினாவுக்குப் பக்கத்தில் ஊன்றியிருக்கிறது. பின்பக்கத்தில் துருவியின் கையெழுத்து: கிள்ளலாம், பிடுங்கக் கூடாது, கசக்கவே கூடாது. அந்தத் தடத்தில் ஓட்டுகிறவர்கள் எல்லாரும் வண்டியை நிறுத்தியதும் ஆளுக்கொரு தண்டு கிள்ளிக் கைதட்டிப் பாட்டிலில் போட்டுக்கொள்கிறார்கள். இவர்கள் எதற்கு இப்படிக் கைதட்டுகிறார்கள் என்று புதிதாக வரும் பயணிகளுக்கு ஒன்றும் புரிவதில்லை. துப்புரவு அக்காவுக்கு மட்டும் கொஞ்சம் வேலை கூடிவிட்டது. ஓட்டுநர்களைப் பற்றி அவர் இப்போது பெருமை பேசுவதில்லை.

ஒரு விடுமுறை நாள் மதியம் அப்பா வேலை முடிந்து வீட்டுக்கு வந்தார். காலிப் பாட்டில் இரண்டையும் மேடைமேல் வைத்தார்.

துருவி அவற்றைக் கவிழ்த்துப் பார்க்கவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். "ம், சொல்லுங்க."

"குடிச்சேன்" என்றார் அப்பா.